‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிடலாமா?

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டால் மூட்டை நீளமாகக் கீறித் திறக்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இரண்டு மூன்று துளைகள் போதும். ஒன்றில் கேமரா நுழைகிறது, இன்னொன்றில் கருவி. பைக்கிலிருந்து விழுந்த கல்லூரி மாணவரும், கபடிக் களத்தில் கால் முறுக்கிக்கொண்ட வீரரும், கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாமல் தவித்த ஆசிரியையும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆர்த்ராஸ்கோபி என்னும் இந்தச் சிகிச்சை எலும்பு மூட்டு மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு திட்டு மரத்துப்போகிறது. சிலருக்குத் தழும்பைத் தொட்டாலே கரண்ட் அடித்ததுபோல் சுண்டி இழுக்கிறது. மிகச் சிலருக்குப் பாதத்தை மேலே தூக்க வரவில்லை. நடக்கும்போது கால்விரல்கள் தரையில் இடிக்கின்றன, செருப்பு கழன்றுபோகிறது. இதைச் சொல்லிக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: ‘போகப் போகச் சரியாகிவிடும்.’ பெரும்பாலோருக்கு அது உண்மையாகவே நடக்கிறது. நடக்காத சிலருக்கு, சிகிச்சைக்கு இருந்த காலத்தை அந்த ஒரு வாக்கியமே தின்றுவிடுகிறது. அறுவைச் சிகிச்சையில் நரம்பு அடிபடுவதைவிட, அடிபட்டதைப் பேசாமல் விடுவதால் நேரும் இழப்புதான் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 1918இல் டோக்கியோவில் கென்ஜி டகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கப் பயன்பட்ட குழாய்க் கருவியை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். காசநோய் தாக்கிய முழங்கால்கள் அன்றைய ஜப்பானில் ஏராளம். மூட்டு இறுகிவிட்டால் தரையில் மண்டியிட்டு உட்கார முடியாது. அந்தச் சமூகத்தில் அது சபையில் உட்காரும் தகுதியையே பறிக்கும் ஊனம். நோய் முற்றுவதற்குள் மூட்டுக்குள் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பிலிருந்து வந்த கருவி இது. அவர் வழிவந்த மசாகி வடனாபே 1950களின் இறுதியில் இருபத்தோராவது மாதிரிக் கருவியைச் செம்மை செய்தார். 1962இல் துளை வழியாகவே கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். 1964இல் டோக்கியோ சென்ற கனடிய மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் இதைக் கற்று டொரான்டோவுக்குக் கொண்டுபோனார். மேற்குலகில் இது வேரூன்ற அவரும் முக்கியக் காரணம்.

தரையில் உட்காரும் மக்களின் கவலையில் தொடங்கிய மருத்துவம், தரையில் உட்காரும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முழங்காலின் முன்புறம் மரத்துப்போவதை, நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிப்பவர் ஒருவேளை மறந்துவிடலாம். தொழுகையில் மண்டியிடுபவர், தேவாலயத்தில் முழந்தாளிடுபவர், முழங்கால் ஊன்றி டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி, தரையைத் துடைக்கும் பெண் ஆகியோருக்கு அது அன்றாடம் உறுத்தும் இடம். ‘சின்ன விஷயம்’ என்று யாருடைய வாழ்க்கையை வைத்துச் சொல்கிறோம் என்பது முக்கியம்.

நரம்பு எப்படி அடிபடுகிறது? கேமரா, மூட்டுக்குள் இருப்பதையெல்லாம் பெரிதாக்கித் திரையில் காட்டும். தோலுக்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஓரிரு சென்டிமீட்டரைக் காட்டாது. அந்த வழியைக் கருவி கண்ணில்லாமல்தான் கடக்கிறது. நரம்புகள் ஓடுவதோ அங்கேதான். முழங்காலின் உள்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய உணர்வு நரம்பின் கிளை, சில்லுக்குக் கீழே குறுக்காக வந்து முன்புறத் தோலில் விரிகிறது. இது எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. துளைபோடும்போது அறுபடலாம். கிழிந்த லிகமென்டுக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துப் பொருத்தும்போது, அந்த நாணை எடுக்கப் போடும் கீறலில் இன்னும் எளிதாக அறுபடும். லிகமென்ட் சிகிச்சைக்குப் பின் முன்புறத்தில் ஏதோ ஒரு அளவுக்கு மரத்துப்போவது, பல ஆய்வுகளில் பாதிப் பேருக்கும் மேல் பதிவாகியிருக்கிறது. அரிதாக நடப்பது என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமல்ல இது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

முழங்காலின் வெளிப்பக்க ஜவ்வைத் தைக்கும்போது ஆபத்தின் தன்மை மாறுகிறது. பாதத்தை மேலே தூக்கவைக்கும் நரம்பு அங்கே பின்புறமாக இறங்கி, கீழ்க்காலின் மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி முன்னால் வருகிறது. உள்ளிருந்து வெளியே ஊசி கோக்கும் முறையில், ஊசி அந்த நரம்பைக் குத்தலாம், நூல் அதைச் சேர்த்துக் கட்டிவிடலாம். அதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் முழங்காலைச் செங்கோணமாக மடக்கி நரம்பைப் பின்னுக்கு நழுவவிடுகிறார்கள். பின்புறம் தனியாக ஒரு சிறு கீறல் போட்டு, தடுப்புக் கருவி வைத்து, வெளிவரும் ஊசியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறார்கள். கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும் வேலை. அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தத் தூண்டும் எந்தப் பேக்கேஜ் கணக்கும் நோயாளிக்கு எதிரானது.

கணுக்காலில் இன்னும் நெருக்கம். பாதத்தின் மேற்புறத் தோலுக்குப் போகும் நரம்பு, முன்வெளித் துளைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மெலிந்தவர்களுக்கு நான்காம் விரலை மடக்கிப் பாதத்தைக் கீழ்நோக்கித் திருப்பினால் தோலுக்கடியில் அது கோடாகவே தெரியும். பேனாவால் குறித்துக்கொண்டு துளைபோடலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஃபெர்க்கல் குழு 612 கணுக்கால் சிகிச்சைகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டபோது, 9 சதவீதம் பேருக்குச் சிக்கல் நேர்ந்திருந்தது. அதில் ஏறத்தாழப் பாதி நரம்பு சார்ந்தது. முழங்கையில் நரம்புகள் மூட்டுறையை ஒட்டியே போகின்றன. மேயோ கிளினிக் தன்னிடம் நடந்த 473 முழங்கை ஆர்த்ராஸ்கோபிகளை அதே ஆண்டு அலசியது. தற்காலிக நரம்புச் செயலிழப்பு 12. நிலைத்துப்போனது ஒன்றும் இல்லை. உலகின் முன்னணி மருத்துவமனை ஒன்று தன் கையால் நடந்ததைத் தானே எண்ணி, அச்சிட்டு, எல்லார் முன்னாலும் வைக்கிறது. இந்தப் பழக்கம்தான் நமக்கு வர வேண்டும்.

கருவியே படாமலும் நரம்பு கெடும். ரத்தம் வராதிருக்கத் தொடையில் கட்டும் காற்றுப்பட்டையை ஹார்வி குஷிங் 1904இல் அறிமுகப்படுத்தினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இறுக்கினால் நரம்புக்கு ஆபத்து கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. தோள் சிகிச்சையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கையை எடை கட்டி இழுத்தால், கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக்கற்றை இழுபடும். சிகிச்சை எல்லாம் சரியாக முடிந்த பிறகு இறுக்கிச் சுற்றிய கட்டோ, சரியாகப் பொருந்தாத பிரேஸோ முழங்காலின் வெளிப்பக்கம் ராத்திரி முழுக்க அழுத்திக்கொண்டிருந்தாலும் பாதம் தொங்கிப்போகும். மரப்பு ஊசியில் உறங்கும் கால், வலி என்று சொல்லாது. கட்டைத் தளர்த்த ஒரு செவிலியரின் கை போதும். யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இடுப்பு மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நோயாளியும் வாய் திறப்பதில்லை. தொடை எலும்பின் பந்தைக் கிண்ணத்திலிருந்து சற்று விலக்கினால்தான் கேமரா நுழையும். அதற்காகக் காலை இழுக்கிறார்கள். உடல் சேர்ந்து நகராதிருக்கத் தொடைகளுக்கு நடுவே ஒரு தண்டை வைக்கிறார்கள். அந்தத் தண்டு பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்வு தரும் நரம்பை அழுத்துகிறது. விழித்தெழும் இளைஞருக்கோ பெண்ணுக்கோ அந்த இடம் மரத்திருக்கிறது. யாரிடம் சொல்வது? ரவுண்ட்ஸில் பத்துப் பேர் சுற்றி நிற்கையில் எப்படிச் சொல்வது? இப்படி நடக்கலாம், சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் திரும்பிவிடும் என்று முன்பே ஒருவர் தனியாகச் சொல்லியிருந்தால், அந்த மனிதர் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டுக்குள் புழுங்கியிருக்க மாட்டார். இழுக்கும் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குவதும், தண்டே இல்லாமல் வழுக்காத மெத்தையில் தலைப்பக்கம் தாழப் படுக்கவைத்துச் செய்வதும் இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கின்றன. இடுப்பு ஆர்த்ராஸ்கோபிக்குப் பெயர் கொடுப்பவர், ‘எந்த முறையில் செய்வீர்கள்?’ என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இவ்வளவும் எத்தனை பேருக்கு நடக்கிறது? இந்தக் கேள்விக்கான பதில், யார் எப்படி எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்க ஆர்த்ராஸ்கோபி சங்கத்தின் சார்பில் நீல் ஸ்மால் 1986இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்த 3,95,566 சிகிச்சைகளில், எல்லாச் சிக்கல்களும் சேர்த்தே 0.56 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து அவரே இன்னொன்றை வெளியிட்டார். இம்முறை அனுபவம் மிக்க 21 மருத்துவர்கள், செய்யச் செய்யப் பதிந்துவைத்த 10,262 சிகிச்சைகள். சிக்கல் 1.68 சதவீதம். இரண்டு கணக்கும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டவை அல்ல; ஆனாலும் கைதேர்ந்தவர்களிடம் மூன்று மடங்கு சிக்கல் இருந்தது என்பதை அவர்களின் கைத்திறனைக் கொண்டு விளக்க முடியாது. நினைவிலிருந்து சொன்னபோது விடுபட்டவை, உடனுக்குடன் எழுதியபோது தாளில் ஏறின என்றே நான் படிக்கிறேன். நம் மருத்துவமனைகளில் எத்தனை டிஸ்சார்ஜ் சம்மரிகளில் ‘பாதம் தூக்குதல் இயல்பு, தோல் உணர்வு இயல்பு’ என்ற வரி பரிசோதித்துப் பார்த்து எழுதப்படுகிறது?

அந்த வரி ஏன் முக்கியம் என்பதற்கு நரம்பின் இயல்பு தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களைப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன், 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு அதிர்ந்து நின்றுவிடுகிறது, அறுபடவில்லை. சில வாரங்களில் தானே விழிக்கும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்து, மேலுறை மட்டும் தப்பியிருக்கும். அந்த உறைக்குள் இழைகள் மறுபடி வளரும். மூன்றாவதில் முழுதுமே துண்டிக்கப்பட்டிருக்கும், தைத்தாலொழியச் சேராது. நோயாளிக்கு மூன்றும் முதல் நாளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘சரியாகிவிடும்’ என்ற வாக்கியம் முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பொருந்தும். மூன்றாவதற்கு ஒருபோதும் பொருந்தாது.

வளரும் நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. முழங்காலருகே அடிபட்டால், பாதத்தைத் தூக்கும் தசையை எட்டச் சில மாதங்கள். இடுப்பருகே அடிபட்டால், பாதம்வரை போக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். இதற்கிடையே இன்னொரு கடிகாரம் ஓடுகிறது: நரம்பின் சேதி வராத தசை, ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் அதை ஏற்கும் திறனை இழந்துவிடுகிறது. நரம்பு வந்து சேரும்போது கதவு சாத்தியிருக்கும். அதனால்தான் மூன்று மாதமாகியும் அசைவு திரும்பாத கால், திறந்து பார்க்க வேண்டுமா என்று நரம்பு அறுவை நிபுணர் ஒருவர் முடிவுசெய்ய வேண்டிய கால். ஆறு மாதம் கழித்து அனுப்புவது தாமதம். ஒரு வருடம் கழித்து அனுப்புவது பெரும்பாலும் வழியடைத்த பிறகு அனுப்புவது.

பரிசோதனைக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. நரம்பு துண்டாகிவிட்டாலும் கீழ்ப்பகுதி சில நாள்கள் மின்தூண்டலைக் கடத்தும். அந்த நாள்களில் எடுக்கும் சோதனை ஏமாற்றும். மூன்று நான்கு வாரங்கள் கழித்து எடுக்கும் நரம்பு, தசை மின்சோதனை உண்மையைச் சொல்லும். ஆனால் கட்டிலருகே நின்று ‘கட்டைவிரலை மேலே தூக்குங்க’ என்று சொல்ல எந்த இயந்திரமும் வேண்டாம். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, முதுகு ஊசியின் மரப்பு தெளிந்தபின் ஒருமுறை, வீட்டுக்கு அனுப்பும்முன் ஒருமுறை. வலிக்காகத் தனியே போட்ட நரம்பு மரப்பு ஊசியாக இருந்தால், அடுத்த நாளும் பார்க்க வேண்டும். காலையில் செய்து மாலையில் அனுப்பும் வேகத்தில், மரப்பு தெளியும் நேரமும் நோயாளி ஆட்டோ ஏறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஊருக்குப் போனபின் கால் அசையவில்லை என்று தெரிந்தால் அவர் யாரைக் கூப்பிடுவது? மரத்தலோடு வலியும் மணிக்கு மணி ஏறி, கெண்டைக்கால் கல்லாக இறுகினால் அது அன்றே பார்க்க வேண்டிய அவசரம் என்பதை அவரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

மருத்துவர்கள் பேசத் தயங்குவதற்கு வழக்கு பயம் ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இலேயே தெளிவாக்கியிருக்கிறது: சிகிச்சை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதாலேயே மருத்துவர் அலட்சியக்காரர் ஆகிவிட மாட்டார். மிகத் திறமையான கைகளிலும் நரம்பு அடிபடும். சமீரா கோலி வழக்கின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒப்புதல் வாங்கும்முன் சிகிச்சையின் தன்மை, மாற்றுவழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும் என்றது. எங்கோ ஒருவருக்கு நேரக்கூடியதையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. பாதிப் பேருக்கு நேரும் மரத்தல் எந்தப் பக்கம் சேரும் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. பாதம் தொங்குவது அரிது; அரிதானாலும் வாழ்க்கையைப் புரட்டிப்போடுவது. ஏணியேறி வேலை பார்ப்பவரிடம் அதையும் சொல்லிவிடுவதே முறை. ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்குவது சொல்வதாகாது.

ஆபத்தைப் பேசும்போது பயனையும் எடைபோட வேண்டும். தேய்மானத்தால் வலிக்கும் முழங்காலைத் துளைபோட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தது. ஹூஸ்டனில் ப்ரூஸ் மோஸ்லி குழு 180 பேரை வைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் தோலை மட்டும் கீறி மூடப்பட்டவர்களும் உண்மையான சிகிச்சை பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். தேய்மானத்தில் கிழிந்த ஜவ்வை வெட்டுவது பற்றி 2013இல் வந்த பின்லாந்து ஆய்வு, 146 பேரிடம் ஏறத்தாழ அதே முடிவைக் கண்டது. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு ஆர்த்ராஸ்கோபி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. விபத்தில் லிகமென்ட் அறுந்த இருபது வயதுக்காரருக்கு நரம்பு ஆபத்தை ஏற்பதில் பொருள் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் தேய்ந்த மூட்டோடு வருபவருக்கு, பயனே நிரூபணமாகாத சிகிச்சைக்காக ஒரு நரம்பைப் பணயம் வைக்கும் நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

நரம்பு செயலிழந்த கைகால்களோடு போராடிய பெரிய மரபு தமிழ்நாட்டுக்கே உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் வேலைசெய்யும் தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தத் தொடங்கினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது, உணர்வற்ற தோல் திரும்பத் திரும்பக் காயப்படுவதாலேயே என்று அவர் காட்டியதும் இங்கேதான். தொழுநோய் கெடுக்கும் கால் நரம்பும், முழங்கால் சிகிச்சையில் அடிபடக்கூடிய நரம்பும் ஒன்றே. எலும்பின் கழுத்தைச் சுற்றிவரும் அதே நரம்பு. கணுக்காலின் உள்பக்கத் தசைநாணை முன்புறமாகக் கொண்டுவந்து பாதத்தைத் தூக்கவைக்கும் அறுவைச் சிகிச்சை, அந்த மரபில் நம் மருத்துவர்களுக்குக் கைவந்த கலை. இவ்வளவு அனுபவம் இருக்கும் மண்ணில், தொங்கிய பாதத்தோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டும் காத்திருப்பதை ஏற்க முடியவில்லை.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் செய்யக்கூடியது உண்டு. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்: எந்த மரப்பு ஊசி, காற்றுப்பட்டை எத்தனை நிமிடம், ஜவ்வு எந்தப் பக்கம், எந்த முறையில் தைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப எடுத்தால் சுருங்குகிறதா என்று தெரியும். நரம்பின் பாதையில் விரலால் தட்டும்போது சுருக்கென்று குத்தும் இடம் மாதாமாதம் கீழே இறங்கினால், இழை வளர்கிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் 1915இல் விவரித்த சோதனை அது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள். பாதம் தொங்கினால் முதல் வாரத்திலிருந்தே ஸ்ப்ளின்ட் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் இறுகிவிடும். நரம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது. ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டவர்களுக்கும் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது.